ரோட்டைக் கேட்டு டயர் தைத்த ஆதிலட்சுமி

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வந்த புதிதில் சூளை வேலைக்கும் மண் சுமக்கவும் ஆட்களை எடுத்தார்கள். ஆதிலட்சுமி போய் நின்றபோது இரண்டிலும் இடம் நிரம்பிவிட்டது. இல்லை என்று சொல்லிவிட்டு நாலு எட்டு நடந்த சூப்பர்வைசர் நடராசன், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஊசி புடிக்கத் தெரியுமா?"

"ரவிக்கை தைப்பேங்க."

"ரவிக்கை இல்லம்மா, கித்தான்."

"அதுவும் துணிதானுங்களே."

அப்படித்தான் 1966ஆம் வருஷம் அவளுக்கு பில்டர் துணி தைக்கிற வேலை கிடைத்தது. அரைத்துக் கரைத்த களிமண் குழம்பை ஒரு பெரிய இயந்திரத்தில் விட்டு அழுத்துவார்கள். தண்ணீர் துணி வழியாக வடிந்துபோகும், மண் அப்பளம் மாதிரி தட்டையாக உள்ளே நிற்கும். துணி வாரத்துக்கு ஒன்று கிழியும். கிழிந்ததைத் தைப்பது சுலபமில்லை. தையல் இளகினால் மண் குழம்பு பீய்ச்சியடித்து மிஷின்காரர் முகத்தில் அப்பும். நெருக்கித் தைத்தால் தண்ணீர் இறங்காது. ஆதிலட்சுமி மூன்று மாதத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டாள். அவள் கை பட்ட துணி ஒரு மாதம் தாங்கியது. மிஷின்காரர்கள், "ஆதிலட்சுமி தைச்சதா பாத்து மாட்டுங்க" என்று கேட்டு வாங்கினார்கள்.

அவள் புருஷன் தேவநாதன் பாலக்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்தான். வீல் கோட்டம் எடுப்பதில் ஊரில் அவனை மிஞ்ச ஆளில்லை. கல்யாணத்துக்கு முன்னால் திருவிழா சைக்கிள் பந்தயங்களில் ஓடி, ஒரு சுவர்க்கடிகாரமும் இரண்டு எவர்சில்வர் குடமும் ஜெயித்தவன். ரேஸ் சைக்கிள் எதைப் பார்த்தாலும் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய் நிற்பான்.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் ஒரு மத்தியானம், லூர்துநாதன் என்ற புதுச்சேரிக்காரர் கடை வாசலில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். புதுச்சேரியில் பந்தயங்களில் ஓடுகிறவர். திருச்சிப் பக்கம் போய்விட்டுத் திரும்பும் வழியில் பின் டயர் வெடித்துவிட்டது. தேவநாதன் அந்த டயரைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். சாதாரண சைக்கிளில் வெளியே டயர், உள்ளே டியூப் என்று தனித்தனியாக இருக்கும். இது ஒரே குழாயாக, பெருவிரல் பருமனில், கையில் எடுத்தால் எடையே தெரியாமல் இருந்தது. ரிம்மில் அரக்கு வைத்து ஒட்டியிருந்தார்கள்.

"தூக்கிப் போட்டுடுங்க அண்ணே. பிரான்சுலேர்ந்து வந்தது. ஒட்டவும் முடியாது, இனிமே கெடைக்கவும் கெடைக்காது," என்று சொல்லிவிட்டு லூர்துநாதன் ரயிலேறப் போய்விட்டார்.

தேவநாதன் அதை வீட்டுக்கு எடுத்து வந்தது ஆசைக்காகத்தான். ஆதிலட்சுமி அதை வாங்கி, உட்புறம் ஒட்டியிருந்த பட்டியை நகத்தால் உரித்தாள். அடியில் ஒரு தையல் ஓடியது. வரிசை தப்பாத, சிறிய சிறிய தையல். ஊசியால் அதை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே ஈரவெங்காயத் தோல் மாதிரி மெல்லிய டியூப் இருந்தது.

"ஏங்க, இது டயரே இல்ல. உறை. தலாணிக்கு உறை தைக்கிற மாதிரி டியூபை உள்ள வச்சி வாயத் தைச்சிருக்காங்க."

"மிஷின்ல தைச்சிருப்பான்."

"இல்லீங்க, கைத்தையலு. இங்க பாருங்க, இந்த எடத்துல கை வலிச்சி ஒரு தையலு பெருசா போட்டுட்டு, அப்புறம் சரி பண்ணிருக்காங்க."

எங்கோ கடலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒருவர் கை வலித்த இடம் அது. ஆதிலட்சுமி அதை வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இதைத் தான் தைக்கப் போகிறோம் என்று.

கம்பெனியில் கழித்துப்போட்ட பில்டர் துணி கரித்துணியாகத்தான் போகும். நடராசனிடம் கேட்டாள். "எடுத்துக்கம்மா, எதுக்கு?" என்றார். "டயரு தைக்க" என்றதும் சிரித்துவிட்டார். ஆனால் நல்ல துண்டாகப் பார்த்து அவரே எடுத்துக் கொடுத்தார்.

முதல் டயரை மாட்டிக்கொண்டு தேவநாதன் மணவாளநல்லூர் வரைகூடப் போகவில்லை. பாதி வழியில் பக்கவாட்டில் கிழிந்து டியூப் வெளியே வந்துவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவன் டயரைக் கழற்றி அவளிடம் நீட்டினான். ஆதிலட்சுமி கிழிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நூலிழைகளுக்கு நடுவில் வெள்ளையாகப் பொடி உட்கார்ந்திருந்தது. களிமண். துணியை ஒரு தண்ணீர்தான் அலசியிருந்தாள். மிச்சமிருந்த மண் உப்புத்தாள் மாதிரி நின்று நூலை அறுத்திருக்கிறது. அடுத்த துணியை மணிமுத்தாற்றில் மூன்று நாள் திரும்பத் திரும்ப அலசினாள். பிழிந்த தண்ணீர் கண்ணாடியாக வரும்வரை விடவில்லை.

இரண்டாவது டயர் வெடிக்கவில்லை. ஆனால் காற்றடித்ததும், எலி விழுங்கிய சாரைப்பாம்பு மாதிரி நடுநடுவே புடைத்தது. அதைப் பார்த்துத் தேவநாதன் சிரித்தான், அவளும் சிரித்தாள். அப்புறம் போய்ப் பிரெஞ்சு டயரின் துணியை மறுபடி பார்த்தாள். அதில் இழை நேராக ஓடவில்லை, சாய்வாக ஓடியது. மேல் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் கீழ் அடுக்கு மறுபக்கம் சாய்ந்திருந்தது.

"கிராஸ் கட்டு," என்றாள். ரவிக்கைக்கு உடம்போடு ஒட்டி வரவேண்டிய இடத்தில் துணியைக் குறுக்காகச் சாய்த்து வெட்டுவதை அவள் பதினைந்து வயதிலிருந்து செய்கிறாள். "இத்தன நாளு கண்ணு முன்னாலயே இருந்திருக்குது பாருங்க."

அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் ஆனது. ஊசி டியூபைக் குத்தாமலிருக்கத் தையலுக்கும் டியூபுக்கும் நடுவில் தகரப் பட்டை ஒன்றைச் செருகி, தைக்கத் தைக்க நகர்த்திக்கொண்டே போகும் வழியைக் கண்டுபிடித்தாள். மேலே ஒட்டும் ரப்பருக்கு லாரி டியூபை வெட்டினாள். தைத்த டயரைப் பழைய ரிம்மில் மாட்டி, வெயில் படாத உள்ளறையில் இரண்டு மாதம் தொங்கவிட்டால் பஞ்சர் குறைவதும் தெரிந்தது. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. "ஊறுகா மாதிரிதான். ஊறணும்" என்பாள்.

1969 மாசியில் லூர்துநாதனுக்குத் தேவநாதன் ஒரு கார்டு போட்டான். அவர் நம்பாமல்தான் வந்தார். இரண்டு டயரையும் ஒட்டிக்கொண்டு மங்கலம்பேட்டை வரை போய்த் திரும்பினார். இறங்கியதும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"ரோடு கையில தெரியுது அக்கா. பிரான்சு டயர்லகூட இவ்ளோ தெரியல."

"எந்த எடத்துலயாச்சும் வழுக்குச்சா?"

"பூவனூர்கிட்ட ஒரு எடத்துல மாடு கழுவி ரோடெல்லாம் ஈரம். அங்க லேசா."

அவர் பாராட்டியதை விட்டுவிட்டு இந்த ஒரு பதிலைத்தான் ஆதிலட்சுமி பிடித்துக்கொண்டாள். அன்றுமுதல் அவள் ரோடுகளைக் கேட்க ஆரம்பித்தாள். லாரி டிரைவர்கள், தபால்காரர், மாட்டு வண்டிக்காரர், பால்காரர் என்று கடைக்கு யார் வந்தாலும் விட மாட்டாள். உளுந்தூர்பேட்டை ரோட்டில் தார் எதுவரை, கம்மாபுரம் பக்கம் கரிசல் நனைந்தால் எத்தனை நாளில் காயும், எந்த வாய்க்கால் ஓரம் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பாள். நாளடைவில் அவளிடம் மூன்று வகை டயர் உருவானது. வழவழப்பான மெல்லிய டயருக்கு வெயில் என்று பேர் வைத்தாள். ரப்பரில் அரத்தால் குறுக்குக் கோடு கீறியது மழை. மூன்றடுக்குத் துணி வைத்துத் தைத்தது முள். சிதம்பரம், விழுப்புரம், கடலூர் என்று பந்தயக்காரர்கள் வந்து, "ஒரு ஜோடி வெயில் குடுங்க" என்று கேட்டால் உடனே கொடுத்துவிட மாட்டாள்.

"எந்த ஊர்ல பந்தயம்? ரோடு பாத்தீங்களா? உங்க எடை எத்தன கிலோ?"

ஒருவர் கோபித்துக்கொண்டார். "காய்ச்சலுக்கு மருந்து கேட்டா ஜாதகம் கேக்குறியேம்மா."

"காய்ச்சலா குளிரான்னு தெரியாம மருந்து குடுக்கலாமுங்களா?" என்றாள். அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். முன் சக்கரத்துக்கு ஒன்றும் பின் சக்கரத்துக்கு வேறொன்றும் வாங்கிக்கொண்டு போனார். பின் சக்கரம்தான் பாரம் தாங்குகிறது, முன் சக்கரம் வழி பிடிக்கிறது, இரண்டுக்கும் ஒரே செருப்பு எதற்கு என்பது அவள் கணக்கு.

ஊர் அவளைத் தெரிந்துகொண்டது பந்தயத்தால் அல்ல. நல்லூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் பெரியநாயகி என்ற நர்சம்மா ஒருநாள் கடைக்கு வந்தார். அவருடையது கனத்த லேடீஸ் சைக்கிள். வாரத்துக்கு மூன்று பஞ்சர்.

"போன வாரம் முள்ளு குத்தி ரெண்டு மைலு உருட்டிக்கிட்டுப் போனேன். நான் போறதுக்குள்ள கொழந்த பொறந்துடுச்சி. நல்லவேளை, ஒண்ணும் ஆவல. எப்பவும் நல்லவேளையாவே இருக்குமா?"

தைத்த டயர் அந்த ரிம்மில் உட்காராது. ஆதிலட்சுமி சைக்கிளைச் சுற்றி வந்தாள். மறுநாள் பில்டர் துணியை மூன்றடுக்காக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில் வைத்து, நடுவில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் பூசி, ஒரு நீளமான பட்டை தைத்தாள். அதை டயருக்கும் டியூபுக்கும் நடுவில் உட்காரும்படி தேவநாதனை மாட்டச் சொன்னாள். ஓரங்களை மட்டும் துணி டியூபை அறுக்காமலிருக்க உளியால் சீவினாற்போல மெல்லியதாக்கியிருந்தாள். அந்தப் பட்டை மாட்டிய பிறகு நர்சம்மா ஐந்து மாதம் பஞ்சர் ஒட்ட வரவில்லை. ஐந்தாம் மாதம் வந்தபோது கூடவே ஒரு தபால்காரரையும் இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்களையும் அழைத்து வந்தார்.

பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிற கடையில் பஞ்சராகாத பட்டை தைத்துக் கொடுக்கிறாளே என்று பக்கத்துக் கடைக்காரர்கள் தேவநாதனைக் கேலி செய்தார்கள். அவனுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தல்தான். ஆனால் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

அவன் அவளிடம் கோபப்பட்டது ஒரே ஒரு தடவை. அது 1972ஆம் வருஷம், காணும் பொங்கல் பந்தயத்தின்போது.

விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை வழியாக உளுந்தூர்பேட்டை போய்த் திரும்புகிற பந்தயம். அந்த வருஷம்தான் முதன்முதலாக வெளியூர்க்காரர்களையும் சேர்த்தார்கள். உள்ளூர் சார்பில் தங்கராசு ஓடினான். ஆதிலட்சுமி வேலை பார்த்த கம்பெனியிலேயே சூளை அடுக்குபவன். ஒல்லி, ஆனால் நெஞ்சில் மூச்சு ஏராளம். தேவநாதன் அவனை ஆறு மாதமாகப் பழக்கியிருந்தான். தன்னால் ஜெயிக்க முடியாமல்போன இந்தப் பந்தயத்தை அவன் ஜெயிப்பான் என்று நம்பியிருந்தான்.

பந்தயத்துக்கு முதல் நாள் காலை ஆதிலட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்ஸில் உளுந்தூர்பேட்டை வரை போனாள். திரும்பி வரும்போது மங்கலம்பேட்டைக்கு முன்னால் இறங்கிவிட்டாள். அங்கே விவசாயிகள் வரகுத் தாளை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று. குனிந்து தாளைத் தொட்டுப் பார்த்தாள். பனியில் நனைந்து வழுக்கியது. தாளை ஒதுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், "நாளைக்கும் போடுவீங்களா?" என்று கேட்டாள். "நாளைக்கு எங்க மச்சாண்டாரு வூட்டுதும் சேந்து வருது" என்றார் அவர். இன்னும் கொஞ்சம் நடந்தால் இரண்டு பர்லாங்குக்குத் தாரைப் பெயர்த்து ஜல்லி கொட்டியிருந்தது. ஒரு கல்லை எடுத்து விளிம்பை விரலால் பார்த்தாள். கத்தி மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கராசுவுக்கு முன் சக்கரத்துக்கு மழை, பின் சக்கரத்துக்கு முள் என்று எடுத்து வைத்தாள். காற்றும் வழக்கத்தைவிடக் குறைவாக அடிக்கச் சொன்னாள்.

"கனமா இருக்குமே," என்றான் தேவநாதன்.

"மெதுவா போனா புடிச்சிக்கலாம். வுழுந்துட்டா எந்திரிக்கணுமில்ல."

சாயங்காலம் லூர்துநாதன் ரயிலில் வந்து சேர்ந்தார். அவரும் ஓடுகிறார். ஒரு ஜோடி வெயில் வேண்டும் என்று கேட்டார். ஆதிலட்சுமி அவரை உட்காரவைத்து, வரகுத் தாள் எந்த மைல்கல்லிலிருந்து எந்த மைல்கல் வரை, ஜல்லி எந்தப் பக்கம் கூராக இருக்கிறது, எந்த ஓரம் தேவலாம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "அப்போ நீங்களே எடுத்துக் குடுங்க அக்கா" என்றார். அதே மழை, அதே முள். அவர் எடை கூட என்பதால் காற்று மட்டும் கொஞ்சம் கூட்டினாள்.

அவர் போனதும் தேவநாதன் வெடித்தான். "நம்ம ஆளு ஆறு மாசமா ஓடறான். நீ பஸ்ஸு ஏறிப் போயிப் பாத்துட்டு வந்தத எதிராளிக்கு ஏன் சொன்ன?"

"டயரு கேட்டு வந்தாருங்க."

"டயர குடு. ரோட்ட ஏன் குடுத்த?"

ஆதிலட்சுமிக்கும் தங்கராசு ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஆசை. சொல்லும்போதே ஒரு தடவை நாக்கு தயங்கியதும் உண்மை.

"ரோட்டச் சொல்லாம வெயில எடுத்துக் குடுத்திருந்தா, ஜல்லியில வெடிச்சிருக்கும். வெடிச்சது நான் தைச்சதுங்க. அப்புறம் நான் யாருக்கும் தைக்க முடியாது," என்றாள். தேவநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பந்தயத்தில் பத்தொன்பது பேர் கிளம்பினார்கள். வரகுத் தாளில் நாலு பேர் விழுந்தார்கள். ஜல்லியில் ஏழு பேருக்குக் காற்றுப் போனது. தங்கராசுவும் லூர்துநாதனும் முன்னாலும் பின்னாலுமாக, எல்லையருகே வரும்போது ஒருவர் முழங்கை ஒருவர் மேல் உரசுமளவு சேர்ந்தே வந்தார்கள். பாலக்கரையில் கூடிய கூட்டம் ஓரம் ஒதுங்கி வழிவிட்டது. லூர்துநாதன் அரைச் சக்கரம் முன்னால் கோட்டைத் தாண்டினார்.

தேவநாதன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். நாலாம் நாள் தங்கராசு கடைக்கு வந்தான்.

"அண்ணே, அக்கா மேல கோவமா இருக்கீங்களாமே."

"உனக்கு இல்லியா?"

"எனக்கு எதுக்கு? ரெண்டு பேர் டயரும் ஒண்ணு. ரெண்டு பேரும் வுழுவல. கடைசி அரை பர்லாங்கு அவரு காலு பெருசு, என் காலு சின்னது. வேற மாதிரி டயர்ல அவரு வுழுந்து நான் ஜெயிச்சிருந்தா, ஜெயிச்சேன்னு எப்படிண்ணே சொல்லிக்கிறது?"

தேவநாதன் அன்று வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிக்கொண்டே, "அடுத்த வருசம் நம்ம ஆளுக்கு ஒரு ஜோடி காலு தைச்சிக் குடு" என்றான். ஆதிலட்சுமி சோற்றுக் கரண்டியோடு நின்று சிரித்தாள். அடுத்த வருஷம் தங்கராசுவே ஜெயித்தான். காலுக்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. அவன்தான் தினமும் ஷிப்டு முடித்துவிட்டு நல்லூர் வரை மிதித்தான்.

இத்தனைக்கும் அதுவரை ஆதிலட்சுமி சைக்கிளில் ஏறியதே இல்லை. அதை யாரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. ஒருநாள் புதுப் பட்டை மாட்ட வந்த நர்சம்மாவிடம் வழக்கம்போல, "கரிசல்ல போறப்ப முன்னால எப்படி இருக்குது, பின்னால எப்படி இருக்குது?" என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள்.

"எனக்குச் சொல்லத் தெரியல. நீயே ஏறிப் பாரேன்."

"நான் எங்கம்மா..."

"ஏன், உன் டயரு மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?"

அப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பேட்டை ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. நர்சம்மாவின் சைக்கிளில் அவள் ஏற, தேவநாதன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். இரண்டு தடவை விழுந்தாள். முழங்கை சிராய்ந்தது. பார்த்துவிட்டுப் போன இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது ஞாயிறு திரும்பிப் பார்த்தபோது தேவநாதன் வெகுதூரம் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான்.

நன்றாக ஓட்ட வந்ததும் அவள் செய்த முதல் காரியம், அதே சைக்கிளில் கம்மாபுரம் ரோட்டில் கரிசலுக்குள் இறங்கியதுதான். முன் சக்கரம் மண்ணைக் கடிப்பது மணிக்கட்டில் தெரிந்தது. பின் சக்கரம் நழுவப்போவது, நழுவுவதற்கு முன்னாலேயே இடுப்பில் தெரிந்தது. காற்றை இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள். மறுபடி இறக்கினாள். மூன்று மணி நேரம் கழித்து முழங்கால் வரை சேறாக வீடு வந்தாள்.

"ஏங்க, இத்தன வருசமா எல்லாரையும் கேட்டுக் கேட்டுத் தைச்சேன். பாதிதான் சொல்லிருக்காங்க. முன் டயருக்கு நான் வைக்கிற துணி தடிப்பு. மரக்கட்ட மாதிரி நிக்குது."

மறுநாளே முன் சக்கரத்துக்குப் போகும் பட்டையிலும் பந்தய டயரிலும் ஓரடுக்கைக் குறைத்தாள். லூர்துநாதனுக்கும் தங்கராசுவுக்கும் அப்படி ஒன்று தைத்துக் கொடுத்தபோது, இதை ஏன் முன்னாலேயே செய்யவில்லை என்று இரண்டு பேருமே கேட்டார்கள். "எனக்கு அப்ப சைக்கிளு ஓட்டத் தெரியாது" என்று அவள் சொன்னதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தேவநாதன் அவளுக்கென்று பழைய சாமான்களில் ஒரு லேடீஸ் சைக்கிள் சேர்த்துக் கொடுத்தான். அதில் அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பேட்டையில் சைக்கிளில் வந்த முதல் பெண் தொழிலாளி அவள்தான். கொஞ்ச நாள் கேட்டில் நின்றவர்கள் கேலியாகப் பாடிக் காட்டினார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. களிமண் வார்க்கும் அச்சு அறையில் வேலை பார்த்த பாஞ்சாலை, மூன்று மைல் நடந்து வருகிறவள், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக வந்து, "அக்கா, எங்க ஊரு ரோட்டுல முள்ளு ஜாஸ்தி. எனக்கு எந்தப் பட்டை சரியா வரும்?" என்று கேட்டாள். ஆதிலட்சுமி சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு, "உங்க ஊரு ரோடு எப்படின்னு மொதல்ல சொல்லு" என்றாள். பாஞ்சாலைக்குப் பிறகு கமலம் வந்தாள், கமலத்துக்குப் பிறகு வண்ணம் தீட்டும் பிரிவிலிருந்து நாலு பேர்.

1976 கடைசியில் பெண்களுக்கென்று தனியாக ஒரு சைக்கிள் ஷெட் போட வேண்டும் என்று நடராசன் மேலிடத்துக்கு எழுதினார். ஆறு சைக்கிள் நிற்கும்படி போட்டார்கள். கூரை வேய்ந்து முடிப்பதற்குள் அதில் பதினொன்று நின்றது.